ஈயடிச்சான் காப்பி: பூமியிலும் விண்ணிலும்

ஈயடிச்சான் காப்பி என்பது மூலத்தில் இருப்பதை, பிழையோடும் அழுக்கோடும் சேர்த்து அப்படியே படியெடுப்பது. பழைய பேரேடு ஒன்றைப் பார்த்து எழுதிய குமாஸ்தா, ஒரு பக்கத்தில் ஈ செத்து ஒட்டிக்கிடப்பதைக் கண்டு, தானும் ஒரு ஈயைத் தேடி அடித்து அதே இடத்தில் ஒட்டினாராம். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவருடைய வாரிசுகள் மட்டும் கணினித் துறையில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள்.

இணையம் காப்பியடிக்க வசதியாகவே பிறந்தது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் 1993 ஏப்ரல் 30 அன்று, வலையின் மென்பொருளை யாரும் கட்டணமின்றி எடுத்தாளலாம் என்று பொதுவில் விட்டது. எந்தப் பக்கத்தின் மூல நிரலையும் உலாவியிலேயே பார்த்துவிடலாம். அடுப்படியை வாசலில் வைத்துத் தோசை சுடும் கடை மாதிரி. ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்கள் தொழில் கற்றது அப்படி எட்டிப் பார்த்துத்தான். சினிமாவில் 'தழுவல்' என்பதை இவர்கள் 'இன்ஸ்பிரேஷன்' என்பார்கள்.

தழுவலில் தவறில்லை; ஈ வந்து ஒட்டும்போதுதான் வம்பு. ஊரார் தளத்தை அள்ளிக்கொண்டு வந்தவர் பெயரை மாற்றுவார், நிறத்தை மாற்றுவார், அடியில் இருக்கும் பழைய முதலாளியின் பதிப்புரிமை வரியை மறந்துவிடுவார். வருகையாளர்களை எண்ணும் துண்டு நிரலும் கூடவே வந்திருக்கும். திருடியவர் கடைக்கு வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அது பறிகொடுத்தவர் கணக்கில் ஒழுங்காகப் பதியும். இன்னும் சிலர் படங்களைக்கூடத் தம் கணினிக்குக் கொண்டுவராமல் மூலத் தளத்திலிருந்தே ஓடவிடுவார்கள். மூலத் தளத்துக்காரர் எரிச்சலில் ஒரு கழுதைப் படத்தை அங்கே மாற்றி வைத்தால், இவர் தளத்தில் நிர்வாக இயக்குநர் இருந்த இடத்தில் கழுதை சிரிக்கும்.

இவற்றில் வயதில் மூத்த ஈ, 'லோரம் இப்ஸம்' என்று தொடங்கும் லத்தீன். கி.மு. 45இல் சிசரோ எழுதிய தத்துவ நூலைச் சிதைத்து, எழுத்து வரும் இடத்தை நிரப்ப அச்சுத் தொழிலில் வைத்துக்கொண்டது. வார்ப்புருவை வாங்கியவர் அதை நீக்க மறந்தால், சிமெண்ட் கடையின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் ரோமானியச் செனட்டர் பேசிக்கொண்டிருப்பார்.

தோற்றத்தை மட்டும் எடுத்தால் திருட்டாகுமா என்பதை நீதிமன்றமும் பார்த்திருக்கிறது. விண்டோஸ் தன் மெக்கின்டாஷ் திரையைப் போலிருப்பதாக ஆப்பிள் 1988இல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டே ஜெராக்ஸ் வந்து, அந்த மெக்கின்டாஷ் திரையே எங்கள் யோசனைதான் என்று ஆப்பிள் மீது வழக்குப் போட்டது. இரண்டு வழக்கும் தேறவில்லை. இன்று பல கைபேசிச் செயலிகளில் மூலையில் நிற்கும் மூன்று கோட்டுச் சின்னமும் ஜெராக்ஸ் வீட்டுப் பிள்ளைதான். 1981இல் வந்த ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது.

திறமூல மென்பொருள் இந்தக் காப்பிப் பழக்கத்தைச் சட்டமாகவே எழுதிவைத்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்தார்; 1989இல் அதன் பொது உரிமத்தின் முதல் பதிப்பு வந்தது. அதன் சாரம்: ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், படியெடுத்து யாருக்கும் தரலாம், வாங்கியவருக்கும் அதே உரிமையைத் தந்தாக வேண்டும், முன்னால் செய்தவரின் பெயரை அழிக்கக் கூடாது. காப்பியடித்தவன் பதிப்புரிமை வரியை மாற்றாமல் விட்டால் இணையத் தளத்தில் மானம் போகும். இங்கே அதை மாற்றினால்தான் குற்றம்.

ஸ்டால்மனுக்குப் பெரிய தலைவலி ஆங்கிலம். அதில் சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல், 'ஃப்ரீ'. தாம் சொல்வது பேச்சுரிமை மாதிரியானது, ஓசி பீர் மாதிரியானது அல்ல என்று அவர் பல பத்தாண்டுகளாக விளக்கி வருகிறார். தமிழுக்கு அந்தச் சிரமம் இல்லை. 'கட்டற்ற' என்றால் முடிந்தது. காசில்லாமல் கிடைப்பதற்கும் நம்மிடம் 'இலவச', அரசாணைத் தமிழில் 'விலையில்லா', பேச்சில் 'ஓசி' என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. அந்தத் துறையில் நமக்கு அனுபவம் அதிகம்.

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் செய்வதாகவும் அது பெரிதாக ஒன்றும் வராது என்றும் எழுதினார். அவர் கணிப்பு பொய்த்த தூரம் கொஞ்சமல்ல. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் எழும்பிய இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரில் ஓடியது அவருடைய அந்த லினக்ஸ்தான். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பியது எழுபத்திரண்டு முறை பறந்தது. அதில் கலந்திருந்த திறமூல நிரல்களுக்குக் கைகொடுத்த ஏறத்தாழ 12,000 பேருக்கு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் ஒரு பதக்கச் சின்னம் கொடுத்தது. ராத்திரி தூக்கம் வராமல் ஒரு வரியைத் திருத்தியவர், தன் வரி செவ்வாய்க்குப் போன சேதியை அப்படித்தான் தெரிந்துகொண்டார்.

சந்திரனுக்குப் போன நிரலும் இன்று பொதுவில் இருக்கிறது. அப்பல்லோ 11இன் வழிகாட்டிக் கணினி நிரலை, அச்சிட்ட பழைய தாள்களைப் பார்த்துத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள். 2016இல் அது கிட்ஹபுக்கு வந்தது. இறங்கும் கட்டத்துக்கான நிரலில் ஓரிடத்தில், இது தற்காலிகம்தான் என்று நம்புவதாக ஒருவர் குறிப்பு எழுதியிருக்கிறார். நம்பிக்கையை மூன்று முறை எழுதியிருக்கிறார். அந்தத் தற்காலிகம் சந்திரன் வரை போய்விட்டது. திருத்த வருபவர்களுக்கு அங்கே ஒரு விதி உண்டு: குறிப்புரைகள் மூலத் தாளோடு அச்சாக ஒத்திருக்க வேண்டும், எழுத்துப்பிழை இருந்தால் அதுவும் அப்படியே. குமாஸ்தாவின் கொள்கைக்கு ஒரு வழியாக மரியாதை கிடைத்த இடம் இது.

ஏவுகலத்தைக் காப்பியடிப்பது எழுத்தைக் காப்பியடிப்பது போல எளிதல்ல. சோவியத்தின் புரான் விண்ணோடம், பார்வைக்கு அமெரிக்க விண்ணோடத்தின் இரட்டைப் பிள்ளை. உள்ளே வேறு. அமெரிக்கர்கள் முதன்மை எஞ்சின்களை விண்ணோடத்திலேயே வைத்தார்கள். சோவியத்துகள் அவற்றை எனர்கியா ராக்கெட்டுக்கு மாற்றினார்கள். 1988 நவம்பர் 15 அன்று புரான் ஆளே இல்லாமல் பூமியை இரண்டு முறை சுற்றிவந்து தானே தரையிறங்கியது. பார்த்து எழுதினாலும் பரீட்சையில் சொந்தமாக ஒரு கணக்கைப் போட்ட மாணவன் அது. ஆனால் அதற்குப் பிறகு அது பறக்கவே இல்லை.

ஈயோடு விண்ணுக்குப் போனது ஐரோப்பாவின் ஏரியன் 5. திசையும் வேகமும் காட்டும் கருவியின் மென்பொருளை ஏரியன் 4இலிருந்து எடுத்து அதில் வைத்திருந்தார்கள். அங்கே நன்றாக ஓடியது, இங்கே ஏன் தொட வேண்டும் என்ற நியாயம். அதில் ஒரு பகுதி, ராக்கெட் கிளம்பும் முன் கருவியைச் சமன் செய்வது. ஏரியன் 4இல் அது கிளம்பிய பிறகும் சுமார் 40 நொடி ஓட ஒரு காரணம் இருந்தது. ஏரியன் 5இல் கிளம்பிய பிறகு அதற்கு வேலையே இல்லை. இருந்தாலும் ஓடியது.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து முதல் ஏரியன் 5 கிளம்பியது. பழைய ராக்கெட்டைவிட இதற்குக் கிடைவேகம் அதிகம். 64 பிட் எண்ணை 16 பிட் எண்ணாக மாற்றும் இடத்தில், 32,767க்கு மேல் கொள்ளாத பெட்டிக்கு அதைவிடப் பெரிய எண் வந்தது. சுமார் 37ஆவது நொடியில் கருவி கைவிரித்தது. இதற்காகத்தானே மாற்றுக் கருவி ஒன்று இருக்கிறது? இருந்தது. அதிலும் அதே மென்பொருள். அது கண்ணிமைக்கும் நேரம் முன்னதாகவே படுத்துவிட்டிருந்தது. கருவி தன் நோவைச் சொல்லி அனுப்பிய தகவலை முதன்மைக் கணினி பயணத் தகவல் என்று எடுத்துக்கொண்டு எஞ்சின் முனைகளை முழுதாகத் திருப்ப, ராக்கெட் சாய்ந்து உடைந்து தன்னைத்தானே வெடித்துக்கொண்டது. இரண்டு பேரேட்டிலும் ஒரே இடத்தில் ஈ ஒட்டியிருந்தால் ஒன்றுக்கொன்று எப்படி உதவும்?

அதில் போனவை பூமியின் காந்த மண்டலத்தை ஆராய வேண்டிய நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை அவற்றைப் போலவே மறுபடி நான்கு செய்து 2000ஆம் ஆண்டு பைக்கானூரிலிருந்து அனுப்பியது. இரண்டு ஆண்டுக்குத் திட்டமிட்ட அவை 2024 வரை வேலை பார்த்தன. அந்த நான்கும் பழைய நான்கின் காப்பி. ஏற்றிச் சென்ற ராக்கெட் மட்டும் சோயுஸ்.