கோழியை வீசின கூத்தாடி

ஏம்பா தம்பி, கத்திரி வெயில்ல கன்னங்கரேல்னு ஒரு சட்டை. நெஞ்சுல மண்டை ஓடு. காது ரெண்டையும் மூடிக்கினு பெருசா ஒரு ஹெட்போன். மூஞ்சியைப் பார்த்தா ஊர்த் துக்கம் மொத்தத்தையும் நீயே ஏலத்துல எடுத்தாப்பல இருக்குது. இன்னாடா சேதின்னு கேட்டா, "தாத்தா, இது ஹெவி மெட்டல். ரொம்ப டார்க். உனக்குப் புரியாது"ன்ற.

புரியாதுதான். எனக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்? ஆனா கூத்து தெரியும். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் திரௌபதை அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா, கோணி விரிச்சி விடிய விடிய உக்காந்து பார்த்த கட்டை இது. அதனாலதான் ஒவ்வொரு பாட்டுக்கா அர்த்தம் சொல்லுடான்னு உன்னைப் புடிச்சி உக்கார வெச்சேன். சொன்ன. கேட்டேன். இப்ப நான் சொல்றேன், நீ கேளு.

பாடறவர் பேரு ஆலிஸ் கூப்பர். ஆம்பளைக்குப் பொம்பளைப் பேரான்னு வாயைப் பொளக்கிற. நம்ப கூத்துல மீசையைச் சிரைச்சிக்கினு திரௌபதை வேஷம் கட்டறவன் யாரு, உங்க அத்தையா? சொந்தப் பேரு வின்சென்ட் ஃபர்னியர். அமெரிக்காவுல டெட்ராய்ட்ல 1948ல பொறந்தவர். அப்பா சர்ச்சுல பிரசங்கம் பண்றவர். முதல்ல அந்தப் பேரு அவங்க கோஷ்டிக்குத்தான். அப்பால இவரே எடுத்துக்கினார். கண்ணைச் சுத்தி மை, கழுத்துல பாம்பு. அது நெசப் பாம்பு, ரப்பர் இல்ல. ராத்திரி மேடையில அப்படி. காத்தால பார்த்தா மனுசன் கோல்ஃப் ஆடக் கெளம்பிடுவாராம். குடியை விட்டும் நாப்பது வருஷம் ஆச்சாம். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற வகையறா.

உங்கம்மா அவரைப் பேய்னு நெனச்சிப் பயப்படறா. நீ சாமின்னு நெனச்சி சட்டையில போட்டுக்கினு திரியற. மை கழுவின மூஞ்சியை ரெண்டு பேருமே பாக்கல.

அந்தக் கோழிக் கதை இருக்குதே, அதை நீ சொன்னப்பதான் எனக்கு அவர்மேல பாசமே வந்துச்சி. 1969ல கனடாவுல டொரன்டோவுல பெரிய கச்சேரி. எப்படியோ மேடைக்கு ஒரு உயிர்க்கோழி வந்துடுச்சி. இவர் பட்டணத்துப் புள்ளை. றெக்கை இருக்குது, பறந்துடும்னு நெனச்சி கூட்டத்துப் பக்கம் தூக்கி வீசினாராம். பறக்குமா? நாட்டுக்கோழின்னா கூரை வரைக்கும் எகிறும், அதுக்கு மேல அதுக்கும் ஆவாது. நம்ப ஊர்ல பால்குடி மறந்த புள்ளைக்குத் தெரியும் இது. கோழி கீழ விழுந்துச்சி, கூட்டம் அதைப் பிச்சிப் போட்டுச்சி. பேப்பர்காரன் இன்னா எழுதினான்? மேடையிலயே கோழி கழுத்தைக் கடிச்சி ரத்தம் குடிச்சான்னு எழுதிட்டான். ஃபிராங்க் ஸாப்பான்னு இவருக்கு மூத்த பாட்டுக்காரர் ஒருத்தர், மெய்யாலுமே செஞ்சியான்னு கேட்டாராம். இல்லன்னாராம் இவர். அப்படின்னா அதை எவன்கிட்டயும் சொல்லிக்காதேன்னாராம் அவர். கெட்டிக்காரர்! கோழியைப் பத்தித் தெரியாத ஒரு ஆளுக்கு அம்பது வருஷமா பயங்கரமானவன்னு பேரு நிக்குது. பிச்சிப் போட்ட கூட்டத்துக்கு ஒரு பேரும் இல்ல.

அவர் மேடைக் கூத்தையும் சொன்னியே. கெட்டவனா வருவாரு, அழிச்சாட்டியம் பண்ணுவாரு, கடைசியில தண்டனை. ஒரு காலத்துல தூக்கு, ஒரு காலத்துல மின்சார நாற்காலி. அப்பால தலையை வெட்டற கில்லட்டின் வந்துச்சி. ஜேம்ஸ் ராண்டின்ற மாயாஜாலக்காரர் 1973ல அதைச் செஞ்சி குடுத்து, தலை வெட்டறவனா அவரே மேடைக்கும் வந்தாராம். தலை போனப்புறம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கினு திரும்ப வந்து பாடுவாராம் மனுசன்.

இதைப் போயி புதுசுன்ற! துகில் உரியற ராத்திரி துச்சாதனன் கட்டறவனை நீ பார்த்ததில்ல. கிரீடம், புஜக்கட்டை, மூஞ்சி முழுக்க செவப்பு அரிதாரம். சலங்கைக் காலை ஓங்கி மிதிச்சான்னா முன்வரிசைப் புள்ளைங்க அம்மா மடியில மூஞ்சியைப் பொதைச்சிக்கும். அப்பேர்ப்பட்டவன், பொடவையில கை வைக்கறதுக்கு முந்தி ஆட்டத்தை நிறுத்துவான். மத்தளமும் முகவீணையும் அடங்கிப் போகும். தட்டுல கற்பூரம் ஏத்துவாங்க. திரௌபதை கட்டினவன் கால்ல விழுந்து, தாயே, இது வேஷம், குத்தம் எடுத்துக்காதேன்னு கும்புட்டுட்டுதான் முந்தானையைத் தொடுவான். மறுநாள் டீக்கடையில அவன் பக்கத்துல உக்காந்து எவனும் பயப்பட மாட்டான். போண்டா வாங்கிக் குடுப்பான். அந்தப் பொதுப்புத்தி உங்களுக்கு எங்கடா போச்சி?

சரி, நீ கேக்கற அந்த ஆல்பத்துக்கு வருவோம். 'புரூட்டல் பிளானெட்'. 2000ம் வருஷம் ஜூன்ல வந்தது. அப்ப அவருக்கு வயசு 52. பேரன் எடுக்கற வயசுல இந்தக் கத்தலான்னு உங்கப்பன் கேக்கிறான். ஏன், வயசானவனுக்குக் கோவம் வரக் கூடாதா? எனக்கெல்லாம் வயசு ஆக ஆகத்தான் அதிகமா வருது.

பாட்டு பதினொண்ணு. வூட்டுக்குள்ள அடிவாங்கற பொம்பளையைப் பத்தி ஒண்ணு. ஊர் பட்டினி கெடக்கிறப்ப தின்னு தின்னு குப்பையை மலையாக் குவிக்கறவனைப் பத்தி ஒண்ணு. பேராசையைப் பத்தி ஒண்ணு. அதுல எல்லாம் எனக்குப் பெருசா ஒண்ணும் தோணல. பஞ்சாயத்துல தெனம் ஓடற வழக்குதான்.

கெட்ட பையன் ஒருத்தனைப் பத்தின பாட்டுலதான் ஒரு முடிச்சு இருக்குது. 1999 ஏப்ரல்ல அமெரிக்காவுல கொலம்பைன்ற ஊர்ப் பள்ளிக்கூடத்துல ரெண்டு பசங்க துப்பாக்கியோட நொழைஞ்சி, கூடப் படிச்சவங்களையே சுட்டாங்க. எல்லாரும் பழியை எங்க எறக்கினாங்க? பாட்டு மேல, வீடியோ கேம் மேல, சினிமா மேல. அடுத்த வருஷமே இவர் அந்த மாதிரிப் பையன் வேஷத்தைக் கட்டிக்கினு, கேம் மேலயும் படத்து மேலயும் பழி போடாதே, கெட்டது உள்ளயேதான் இருக்குதுன்னு பாடிட்டார். எனக்கு அதுல பாதிதான் சம்மதம். உள்ள கெட்டது கெடக்கட்டும்யா, கையில துப்பாக்கி குடுத்தவன் யாரு? அதைக் கேக்காம வுட்டாரே.

அப்பால அந்த எலும்பு பொறுக்கற பாட்டு. கொசோவோ சண்டையில எல்லாம் போன ஒருத்தன், தன் குடும்பத்து எலும்பைப் பழைய தலகாணி உறையில பொறுக்கிப் போட்டுக்கினு நிக்கறான்னு சொன்ன. சொல்லிட்டு, "செம டார்க்ல தாத்தா?"ன்னு கேட்ட. தம்பி, பால் தெளிக்கிற அன்னிக்குச் சட்டியை ஏந்திக்கினு சாம்பல்ல கை வுட்டவனுக்கு அந்தப் பாட்டுக்கு அர்த்தம் வேணாம். நமக்காவது பக்கத்துல வெட்டியான் நிப்பான். இது கை எலும்பு, இது நெஞ்செலும்புன்னு எடுத்துக் குடுப்பான். பொறுக்கினதைக் கடல்ல கரைக்க நாலு பேரு கூட வருவாங்க. அந்தாளுக்கு வெட்டியானும் இல்ல, நாலு பேரும் இல்ல. இதுக்குப் போயி 'செம'வா?

உனக்கு டார்க்குதான் ஒணும்னா, மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்துக்குக் கீழ ஒரு குகை இருக்குது. நீயும் உன் சேக்காளிங்களும் செல்ஃபி எடுக்கப் போவீங்களே, அதான். பல்லவன் காலத்து உளி, ஏழாம் நூற்றாண்டு. ஒரு செவுத்துல மகிஷாசுரனோட துர்க்கை சண்டை போடறா. சிங்கத்து மேல அவ, கையில வில்லு. எதிர்ல எருமைத் தலையும் கதாயுதமுமா அவளைவிட ஒசரமா அவன். உத்துப் பார்த்தியா? அவன் இன்னும் சாவல. பின்வாங்கறான், அவ்வளவுதான். எதிர்ச் செவுத்துல பெருமாள் பாம்புமேல தூங்கறார். காலடியில ரெண்டு அசுரனுங்க கதையைத் தூக்கிக்கினு கறுவிக்கினு நிக்கறானுங்க. உன் மண்டை ஓட்டுச் சட்டைக்காரன் இந்தக் குகையைப் பார்த்தான்னா, அடுத்த அட்டைப் படத்துக்கு இதையே கேப்பான்.

இருட்டைப் பத்தின பாட்டு ஒணும்னா கடல் தாண்டியும் போவ வேணாம். 2018 ஜனவரி 6ம் தேதி, மெட்ராஸ்ல கீழ்ப்பாக்கத்துல ஒரு கச்சேரி நடந்துச்சி. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. சினிமா எடுக்கிற பா. இரஞ்சித்தும் பாட்டுக்காரர் டென்மாவும் சேர்த்த கூட்டம். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில. இடஒதுக்கீட்டைப் பாடினாங்க, மாட்டுக்கறியைப் பாடினாங்க. அதுல பாடின இசைவாணியை 2020ல பிபிசி, உலகத்துல நூறு பொம்பளைங்கன்னு போட்ட பட்டியல்ல சேர்த்துச்சி. அதைக் கேட்டியான்னு கேட்டா உதட்டைப் பிதுக்கற. "அது அரசியல் தாத்தா"ன்ற. அமெரிக்காக்காரர் பாடினா சமூகம், வடசென்னைப் பொண்ணு பாடினா அரசியலா? நல்லா இருக்குதுடா உன் காது!

இன்னொண்ணு கேளு. இந்த சங்கீதத்துக்கே ஆதியில நிக்கறது பிளாக் சாபத்துன்னு நீதான சொன்ன? 1970ல அவங்க முதல் ஆல்பம். கிட்டார்காரர் டோனி அயோமி. பர்மிங்காம்ல தகடு வெட்டற பட்டறையில வேலை. 17 வயசு. வேலையை வுட்டு நிக்கப் போற கடைசி நாள்ல, மிஷின் ரெண்டு விரல் நுனியை எடுத்துக்கினு போச்சி. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செஞ்சி மாட்டிக்கினார். அப்பால விரல் நோவாம இருக்கத் தந்தியைத் தளர்த்திக் கட்டினார். சத்தம் கனமா எறங்கி வந்துச்சி. நீ தலையை ஆட்டறியே, அந்தக் கனம் அங்க இருந்து வந்தது.

நாளைக்குக் காத்தால ஷிப்டு பஸ்சுல மறைமலை நகர் போற பசங்களைப் பாரு. அந்த ஹெட்போனைக் கழட்டிட்டுப் பாரு. பிரஸ் மிஷின்ல நிக்கறவன் எவனாவது பக்கத்துல உக்காந்தா, மூஞ்சியைப் பாக்காதே, கையைப் பாரு. முடிஞ்சா பேச்சுக் குடு. உன் பாட்டுல இல்லாத சேதி நாலு சொல்லுவான்.

சட்டையை நான் ஒண்ணும் கழட்டச் சொல்லல. வேர்வை உன்னுது, துவைக்கற கையும் இனிமே உன்னுதா இருக்கட்டும், உங்கம்மாவுக்கு மண்டை ஓட்டைத் தேய்ச்சிக் கை நோவுது. ஹெட்போனை மட்டும் உருவிட்டு அந்த எலும்புப் பாட்டை இன்னொரு தபா வெளிய கேக்கிற மாதிரி போடு. சத்தத்தைக் கொறைக்காதே. எதிர் வூட்டுக்காரன் சண்டைக்கு வந்தா, ஆடி மாசம் கூழ் ஊத்தறப்ப குழாய் ஸ்பீக்கரை எங்க வாசலைப் பார்த்துக் கட்டினியே, அதுக்கு இது வட்டின்னு தாத்தா சொன்னார்னு சொல்லு.