டிரம் செட் இருக்குமிடமே பேண்ட்: கும்மிடிப்பூண்டி ரயில் தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்லூரி மாணவர்கள் நான்கைந்து பேர் கூடி ஒரு ராக் பேண்ட் தொடங்குவது எதனால் என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. இளமையின் வேகம் என்பார் ஒரு சாரார். நட்பின் வலிமை என்பார் மறு சாரார். இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன; இரண்டாலும் எதுவும் விளங்கவில்லை. இளமையும் நட்பும் திருவள்ளூர் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் தட்டுப்பாடின்றிக் கிடைப்பவை. ஆவடி, திருநின்றவூர், கவரைப்பேட்டை என்று எந்த ஊர் ஹாஸ்டலுக்குள் நுழைந்தாலும் மாடிக்கு ஒரு கிட்டாராவது சுவரில் சாய்ந்திருக்கும். அதன் மெல்லிய கம்பி அறுந்திருக்கும். மிச்சமுள்ள ஐந்து கம்பியில் நான்கு கார்டு பிடித்து நாற்பது பாட்டு வாசிக்கும் ஒருவனும் பக்கத்திலேயே இருப்பான். நட்பே காரணம் என்றால் அறைக்கு ஒரு பேண்ட் கிளம்பியிருக்க வேண்டும், கிளம்பவில்லை. பயிரின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது மண்ணில் ஏராளமாக உள்ள சத்தல்ல, மிகக் குறைவாக உள்ள சத்தே என்ற விதியை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் பரப்பினார். அந்த விதியை ஹாஸ்டலுக்குப் பொருத்திப் பார்த்தால், கிட்டார் ஏராளம், பாடுகிறவர்கள் தேவைக்கு மேல், கருத்துகள் கணக்கில்லை. அரிதாக இருப்பது ஒன்றுதான்: ஒரு டிரம் செட்டை இறக்கி வைத்து, யாரிடமும் திட்டு வாங்காமல் அடிக்கக்கூடிய இடம். ஆகவே பேண்டை உண்டாக்குவது அந்த இடமே. இசை, நட்பு, பெயர், கொள்கை எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்பவை. இதைக் கிடங்குக் கோட்பாடு என்று அழைப்போம்.

கோட்பாட்டுக்கு உலகச் சான்றுகள் ஏராளம். லண்டனில் கட்டடக்கலை படித்த மாணவர்கள் சிலர் 1960-களில் தங்கள் ஆசிரியர் மைக் லெனார்டின் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள், பயிற்சியும் அங்கேதான். அந்தக் குழுவுக்கு ஒரு கட்டத்தில் இருந்த பெயர் ‘லெனார்ட்ஸ் லாட்ஜர்ஸ்’, அதாவது லெனார்ட் வீட்டுக் குடித்தனக்காரர்கள். பிற்பாடு பிங்க் ஃபிளாய்ட் என்று உலகம் அறிந்த குழு இதுதான். வீட்டு ஓனர் பெயரிலேயே பேண்ட் நடத்தியவர்களிடம் போய் உங்களை உருவாக்கியது எது என்று கேட்க வேண்டியதில்லை. ரேடியோஹெட் குழுவின் பழைய பெயர் ‘ஆன் அ ஃப்ரைடே’. பள்ளியில் பயிற்சி அறை அவர்களுக்குக் கிடைத்த கிழமை அது. ஜார்ஜியா பல்கலைக்கழகம் உள்ள ஏதென்ஸ் நகரில் ஆர்.இ.எம். குழு 1980 ஏப்ரல் 5 அன்று முதன்முதலில் வாசித்தது ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில். குழுவில் இருவர் குடியிருந்ததே அங்கேதான். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படித்த பிரையன் மே, 1968-இல் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஆள் தேடிச் சீட்டு ஒட்டியபோது கேட்டது டிரம்மரைத்தான். அகப்பட்டவர் பல் மருத்துவ மாணவர் ரோஜர் டெய்லர். பின்னாளில் அவர்கள் குயீன் ஆனார்கள். டப்ளினில் 1976-இல் யூ2 குழு கூடிய முதல் நாள், கூடியது டிரம்மர் லாரி மல்லன் வீட்டுச் சமையலறையில். சொந்த இடம் வைத்திருந்த அவர் பெயரே சில நிமிடங்களுக்குக் குழுவின் பெயராகவும் இருந்ததாம். இடத்துக்குரியவன் தலைவன் என்பதை இதைவிட வெளிப்படையாக ஒரு சமையலறை சொல்ல முடியாது.

இங்கே பீட்டில்ஸ் குழுவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் எதிர்க்கட்சியினர். நிலையான டிரம்மர் இல்லாமலே பல காலம் ஒப்பேற்றிய குழு ஆயிற்றே, அதற்கு என்ன பதில் என்பது கேள்வி. பதில் அவர்கள் வரலாற்றிலேயே இருக்கிறது. 1960 ஆகஸ்ட்டில், ஹாம்பர்க் புறப்படும் தறுவாயில் அவர்கள் சேர்த்துக்கொண்ட டிரம்மர் பீட் பெஸ்ட். அவருடைய தாயார் மோனா பெஸ்ட் தம் வீட்டு நிலவறையில் கஸ்பா என்ற காபி கிளப் நடத்தியவர். டிரம் செட், அதை அடிக்க ஆள், அதற்குக் கீழ்த்தளம், குடிக்க காபி ஆகிய நான்கும் ஒரே முகவரியில் கிடைத்தன. 1962-இல் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடக் கதவு திறந்ததும் பீட் பெஸ்ட் விலக்கப்பட்டு ரிங்கோ ஸ்டார் வந்தார். வாசிப்புத் திறமைதான் காரணம் என்று இசை வரலாற்றாளர்கள் விவாதிக்கட்டும். கிடங்குக் கோட்பாட்டின்படி, அடித்தளம் தேவைப்படாத நாள் வந்ததும் அடித்தளத்தின் வாரிசும் தேவைப்படவில்லை.

இனி உள்ளூருக்கு வருவோம். ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், 2000, நாட்டை நான்கு வகை மண்டலங்களாகப் பிரிக்கின்றன. பகல் நேரத்தில் குடியிருப்புக்கு 55 டெசிபெல், வணிகப் பகுதிக்கு 65, தொழிற்பகுதிக்கு 75. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே 50தான். டெசிபெல் மடக்கை அளவு என்பதால் 50-க்கும் 75-க்கும் இடையே உள்ள வேறுபாடு ஒலிச்செறிவில் 300 மடங்குக்கும் மேல். ஆக, பேண்ட் உருவாகும் இடமான கல்லூரிதான் பேண்டுக்குச் சட்டப்படி ஆகவே ஆகாத இடம். பேண்ட் உருவாகாத இடமான கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைதான் ஓரளவு ஆகிவரும் இடம். ஒரு டிரம் செட் நூறு டெசிபெல்லைச் சுலபமாகத் தாண்டும் என்பதால் இரண்டு இடத்திலும் விதிமீறல்தானே என்று சட்டம் தெரிந்தவர் குறுக்கிடலாம். மீறல் மீறல்தான். ஆனால் மீறலைக் கேட்டு ஜன்னல் திறக்க ஓர் ஆள் வேண்டும். கம்பி உருட்டும் ஆலைக்குப் பக்கத்துச் சந்தில் அப்படி ஜன்னல் கிடையாது. விந்தை என்னவென்றால் இந்த இரு மண்டலங்களும் இங்கே அடுத்தடுத்த ஸ்டேஷன்கள்: மின்சார ரயிலில் கவரைப்பேட்டை போனால் அடுத்தது கும்மிடிப்பூண்டி. பேண்டையும் பேண்டுக்கான இடத்தையும் இத்தனை அருகில் வைத்த மாவட்டம் அபூர்வம்.

அப்படியானால் இரும்புக் கோட்பாட்டாளர்கள் சொல்வது சரிதானே என்று தோன்றும். ஹெவி மெட்டல் பிறந்தது உலோகத் தொழில் நகரமான பர்மிங்காமில். பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமி 17 வயதில் தகடு வெட்டும் ஆலையில், அதுவும் வேலையின் கடைசி நாளில், வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டு வாசித்தார். ஆலைச் சத்தம் இசையாகிறது என்ற இந்த வாதத்தைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்து பார்த்தால் உடனே நொண்டுகிறது. டி.எம்.டி. கம்பி உருட்டும் ஆலைகளும் பழைய இரும்பை உருக்கும் உலைகளும் வரிசையாக நிற்கும் இடத்திலிருந்து பிளாக் சப்பாத் ஒன்றும் வரவில்லை. ஷிப்டு முடித்து வரும் தொழிலாளிக்கு வேண்டியது தூக்கம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் போனில் கேட்பது சொந்த ஊர்ப் பாட்டு. நாளெல்லாம் இரும்பின் சத்தத்தைக் கேட்டவர் அதையே காசு கொடுத்து மறுபடி கேட்பார் என்று எதிர்பார்ப்பது ஆய்வு நெறிக்கும் மனித நேயத்துக்கும் முரண். இரும்பு பேண்டைத் தருவதில்லை. பேண்டின் சத்தத்தை மறைக்கும் இன்னொரு சத்தத்தை மட்டுமே தருகிறது. அதுவே பெரிய உதவி.

எனில் இடையூறு எங்கே? டிரம் செட்டின் உடலமைப்பில். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுகிற ரயிலைக்கூடப் பிடித்துவிடலாம். 22 அங்குல விட்டமுள்ள பேஸ் டிரம்மை வைத்துக்கொண்டு நிற்கிற ரயிலையே பிடிக்க முடியாது. வெண்டர் கோச்சில் மீன் கூடைகளுக்கு நடுவே அது ஏறினால் கூடைக்காரம்மாவிடம் முதலில் இருக்கை அனுமதி பெற வேண்டும், பிறகு இது என்ன அண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மாற்று வழி, குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டி. அதன் வாடகையை ஐந்தாகப் பங்கு போடும்போதுதான் பல பேண்டுகள் மூன்று பேர் பேண்டாகச் சுருங்குகின்றன. இறக்கிய பிறகும் வேலை தீராது. கீழே ஜமக்காளம் விரிக்காவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் பேஸ் டிரம் ஓர் அங்குலம் முன்னேறி, பாட்டு முடிவதற்குள் பாடகரைப் போய் இடிக்கும். ஆகவே முன்னால் ஒரு செங்கல். சூளைகள் நிறைந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. உள்ளே ஒரு தலையணை. அது ஹாஸ்டல் தலையணை, யாருடையது என்று இறுதிவரை தெரியாது. இந்த வாதத்துக்கு ஒப்பீட்டுச் சான்று இதே ரயில் தடத்தில் கிடைக்கிறது. வடசென்னையின் கானா தழைத்ததற்கு இடமும் வண்டியும் தேவைப்படவில்லை. தட்டுவதற்கு ஒரு மேசையோ டப்பாவோ அகப்பட்டால் கச்சேரி ஆரம்பம். கானாவையும் ராக்கையும் ஒன்றுசேர்த்து 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது கீழ்ப்பாக்கத்தில். மேசை இருந்த இடத்திலிருந்தே பாடலாம், டிரம் செட்டுக்கு மட்டும் மைதானமும் மேடையும் பிடிக்க வேண்டும் என்பதை அந்த ஏற்பாடு மெய்ப்பிக்கிறது.

முதல் மேடைகளை வைத்தும் ஓர் ஆட்சேபம் எழும். ஹாஸ்டல் டே ஆனாலும் ஐ.ஐ.டி.யின் சாரங் போன்ற பெரிய விழா ஆனாலும் மேடையில் டிரம் செட் ஏற்கெனவே இருக்குமே. டிரம்மர் ஸ்நேரையும் சிம்பலையும் பெடலையும் கொண்டுபோனால் போதுமே என்பார்கள். உண்மை. ஆனால் மேடையில் டிரம் செட் இருப்பது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்கு முந்தைய ஆறு மாதம் அது எங்கே நின்றது என்பதே கேள்வி. இடமில்லாமல் தொடையில் தட்டிப் பழகிய டிரம்மரை முதல் பாட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்: மற்றவர்களைவிட அவர் முன்னால் போய்விடுவார், நிறுத்த முடியாது. அந்த இருபது நிமிடமும் நிச்சயமில்லை. சிறப்பு விருந்தினர் பேச்சு நீண்டால் அது பத்தாகும். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் மைக்கைத் தட்டி ‘செக், செக்’ சொல்லி முடிப்பதற்குள் ஐந்தாகும். தொழிற்பேட்டைப் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு வாய்ப்பு கிடைத்தாலோ, மெஷினுக்குப் பொட்டு வைத்து முடித்த கையோடு கூட்டம் கேட்பது சினிமாப் பாட்டு. சொந்தப் பாட்டு மூன்று தயார் செய்து வந்த பேண்ட், மறு பேச்சின்றி நான்காவதாக ஒரு குத்துப் பாட்டை வாசிக்கும். கொள்கை மாறும், வரிசை மாறும், பாடகர் தொண்டை மாறும். டிரம் செட் மட்டும் இரண்டுக்கும் ஒத்துழைக்கும். இதுவும் என் கட்சிக்கே சாதகம்.

மின்னணு டிரம்மும் லேப்டாப்பும் வந்த பிறகு கிடங்கு எதற்கு என்ற நவீன ஆட்சேபம் கடைசி. ஹெட்போன் மாட்டி அடித்தால் வார்டனுக்குக் கேட்காது என்பது சரியே. ஆனால் வார்டனுக்குக் கேட்காத ஒன்றை ராக் என்று வகைப்படுத்த முடியுமா என்பதை வகைப்பாட்டியலார் முடிவு செய்யட்டும். நான்கு பேரும் நான்கு ஹெட்போனில் வாசிக்கும் அறைக்கு வெளியே நின்று பார்த்தால், அரியர் எழுதப் படிக்கும் அறைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது.

எஞ்சியிருப்பது ஆயுட்காலம். பொறியியல் படிப்புக்கு எட்டு செமஸ்டர். முதல் இரண்டு ஆள் தேட, அடுத்த இரண்டு பெயர் தேட, ஏழாவதில் கேம்பஸ் இன்டர்வியூ. இடையில் எஞ்சும் இரண்டில்தான் தமிழக ராக் இசையின் பெரும்பகுதி நடந்து முடிகிறது. பேஸ் கிட்டாரிஸ்ட் பெங்களூருவுக்கும் பாடகர் வங்கித் தேர்வுக்கும் போவார்கள். டிரம் செட் போகாது. தூக்கிப் போக முடியாதென்று முன்பே நிறுவினோம். அது அடுத்த பேட்ச் ஜூனியருக்குக் கைமாறும், அவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து புதிய பெயர் வைத்துத் தாங்களே தொடங்கியதாக நம்புவார்கள். எனவே உறுப்பினர்கள் பேண்டை உருவாக்குவதில்லை. ஒரு டிரம் செட் தன் வாழ்நாளில் பல செட் உறுப்பினர்களைப் பயன்படுத்திக்கொள்கிறது. இதன்வழி ஒரு பரிந்துரை: கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பூட்டிக் கிடக்கும் ஷெட் ஒன்றைக் கல்லூரிப் பேண்டுகளுக்கு ஒதுக்கலாம். ஒரு பதிவேடு வைத்து, அதில் டிரம் செட்டின் சீரியல் எண்ணை மையாலும், வாசிப்பவர்கள் பெயர்களைப் பென்சிலாலும் எழுத வேண்டும்.