சிரட்டைத் துண்டும் மாட்டிறைச்சியின் மனமாற்றமும்: வன்னி அடுப்புகளை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

1. ஆய்வின் தேவை

வன்னி பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களுக்கென்றே ஒரு கையேடு எழுதி வைத்துவிட்டுப் போனார். போர் முடிந்த 2009க்குப் பிறகோ கிளிநொச்சியில் அடுப்புகளின் தொகையை வினாக்கொத்துகளின் தொகை விஞ்சியது. வாழ்வாதாரம், தாங்குதிறன், மீண்டெழுதிறன், மீண்டெழுதிறனின் தாங்குதிறன் என்று அளக்கக்கூடிய எல்லாவற்றையும் அளந்தாயிற்று. ஆனால் வயது போன மாட்டின் தொடை இறைச்சியைப் பல்லுக்கு இதமாக அவிப்பது எப்படி என்ற அடிப்படை வினாவை ஒருவரும் எழுப்பவில்லை. காரணம் எளிது. ஆய்வாளர்கள் பின்னேரம் நாலு மணிக்கே வாகனம் ஏறி வவுனியா விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அடுப்பிலிருந்து சட்டி இறங்குவது ஆறு மணிக்கு. இந்த இரண்டு மணித்தியாலத்தைத்தான் புலமையுலகில் ‘ஆய்வு இடைவெளி’ என்கிறோம்.

2. ஆய்வுப்பொருள்

வன்னி மாடு நடந்த மாடு. அருவி வெட்டிய வயலில் மேய்ந்தது, மாரியில் காட்டோரம் அலைந்தது, கட்டாக்காலியாக இரவில் ஏ-9 வீதியின் நடுவில் படுத்துச் சாரதிமாருக்குப் பொறுமை கற்பித்தது. இப்படி நடந்து திரிந்த தசையில் கொலாஜன் என்னும் இணைப்பிழை அதிகம். வயது ஏற ஏற அது தன்னோடு தானே பின்னி இறுகிக்கொள்ளும். சுமார் 70 பாகை செல்சியசுக்கு மேல், ஈரத்தில், மணிக்கணக்காக வைத்திருந்தால் அதே கொலாஜன் ஜெலற்றினாகக் கரைந்து குழம்பைப் பிசுபிசுப்பாக்கும். அவசரப்பட்டு நெருப்பை ஏற்றினால் தசைநார் சுருங்கி உள்ளிருந்த நீரையெல்லாம் கக்கிவிடும். விஞ்ஞானம் இவ்வளவுதான். இதைக்கொண்டு ஒரு பந்தி எழுதலாம், பட்டம் வாங்க முடியாது. ஆகவே மேலே செல்வோம்.

3. களக் கட்டுப்பாடுகள்

பல சைவ வீடுகளில் மாட்டிறைச்சிக்குக் குசினிக்குள் அனுமதி இல்லை. வளவின் பின்பக்கம், மூன்று கல், தனிச் சட்டி, தனி அகப்பை. ‘என்ன மணக்குது?’ என்று கேட்கும் அப்பாவிடம் ‘ஆட்டிறைச்சி’ என்பார்கள். அவரும் அதை நம்புவதாக நடந்துகொண்டு இரண்டு முறை போட்டுச் சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை களப்பணி இல்லை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை ஒட்டிய நாட்களில் இந்த ஆய்வுத்துறையே மூடப்பட்டிருக்கும்.

4. பிரஷர் குக்கர்

விசில் அடிக்கும். ஆய்வுக்குரியதன்று.

5. சிரட்டைக் கோட்பாடு

‘இறைச்சி அவியாட்டிச் சட்டிக்குள்ள ஒரு சிரட்டைத் துண்டைப் போடு’ (பெரியம்மா, வாய்மொழி, குசினி வாசல்). இந்தக் கூற்று வன்னியில் மட்டுமன்றிப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் வழக்கில் உள்ளது. அதன் கோட்பாட்டு அடிப்படை யாது என்று வினவியபோது, ‘போடெண்டாப் போடன்’ என்ற விடை கிடைத்தது (மேலது).

இதற்கு எதிர்நிலையில் நிற்போர் பப்பாசிவாதிகள். பச்சைப் பப்பாசிக்காயின் பாலில் உள்ள பப்பேன் என்ற நொதி புரதத்தை அறுக்கும் என்பது அவர்கள் கட்சி (மாமி, வாய்மொழி, கிணற்றடி, பெரியம்மாவுக்குக் கேட்காத தூரத்தில்). அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. துறைக்கு அதுவே பெரிய இடைஞ்சல். எனினும் கொதிக்கிற சட்டிக்குள் பப்பாசித் துண்டைப் போடுவதால் அதிகப் பயன் இல்லை. கொதி சூட்டில் அந்த நொதி செத்துவிடும். அடுப்பேற்ற முன்னமே அரைத்துப் பிரட்டி ஊறவைக்க வேண்டும். மறந்துபோய் நெடுநேரம் விட்டாலோ இறைச்சியின் மேற்பக்கம் களியாகும். இவ்வளவு தெளிவான ஒன்றில் வாதிட என்ன இருக்கிறது? சிரட்டைக்கே திரும்புவோம்.

சிரட்டை என்பது பெரும்பாலும் லிக்னினும் செல்லுலோசும். எரித்தால் கரி, காம்பு பூட்டினால் அகப்பை. ஆயினும் அறிவியல் முறை வழுவாது, சிரட்டை போட்ட சட்டியையும் போடாத சட்டியையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும் என்று முன்மொழிந்தேன். ‘ரெண்டாஞ் சட்டிக்கு இறைச்சி ஆர் வாங்கித் தாறது?’ என்ற நிதியியல் வினா உடனே எழுந்தது. அதைத் தீர்த்தபின் அதைவிடப் பெரிய சிக்கல் முளைத்தது. கறியைப் பிரட்டும் அகப்பையே சிரட்டையால் ஆனது! அதாவது, போடாத சட்டிக்குள்ளும் சிரட்டை நாள்முழுக்கப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. சிரட்டை தீண்டாத மாட்டிறைச்சி வன்னியின் வரலாற்றில் எப்போதாவது இருந்ததா என்பதே ஐயத்துக்கிடமாகிறது. எவர்சில்வர் கரண்டியின் வருகைக்கு முந்திய காலம் குறித்துத் தனி நூல் எழுத உத்தேசம்.

அடுத்து, எந்தச் சிரட்டை? இங்கேதான் துறை இரண்டாகப் பிளக்கிறது. கண்ணுள்ள பாதியே வேலை செய்யும், கண்ணில்லாத சிரட்டைக்கு இறைச்சி எங்கே கிடக்கிறதென்று எப்படித் தெரியும் என்பது ஒரு சாரார் வாதம் (பக்கத்து வளவு அக்கா, வேலிக்கு மேலால், முதற்பதிப்பு). கண் வழியே ஆவி போய்விடும், ஆகவே கண்ணில்லாத பாதியே உத்தமம் (அதே அக்கா, இரு நாட்களின் பின், வேலிப் பொட்டுக்குள்ளால், திருத்திய பதிப்பு). இரண்டையும் மறுத்து, சிரட்டையின் வெளித்தும்பைச் சுரண்டாமல் போட்டவர்கள் வீட்டுக் கறியில் தும்பு மிதந்ததையும் அதை மாப்பிள்ளை வீட்டார் தலைமயிர் என்று நினைத்ததையும் விரிவாக ஆராயும் நூலும் உண்டு (சின்னம்மா, கலியாணத்துக்கு மறுநாள், கிடாரம் கழுவியபடி, மூன்றாந் தொகுதி, ‘உனக்கென்னடி தெரியும்’ என்னும் அதிகாரம், அடிக்குறிப்புகள் முழுவதும் பெருமூச்சு). முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயின் சிரட்டை இதற்கு ஆகுமா என்ற வினாவை நான் எழுப்பவேயில்லை. எனக்கும் அந்த வழியால் பஸ்ஸில் போய் வர வேண்டியிருக்கிறது.

சிரட்டை உண்மையில் என்ன செய்கிறது? அது போடப்பட்ட கணத்திலிருந்து ‘சிரட்டை போட்டுக் கிடக்கு, திறக்காதை’ என்ற ஆணை நடைமுறைக்கு வருகிறது. உப்புப் பார்க்கிறேன் என்று மூடியைத் தூக்குகிற மருமகன், ஒரு துண்டு கேட்கிற சின்னவன், நெருப்பை ஊதுகிறேன் என்று வருகிற பெரியப்பா, எல்லோரும் விலக்கப்படுகிறார்கள். சட்டிக்கு மூன்று மணித்தியாலம் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியில் கொலாஜன் தன் வேலையைப் பார்க்கிறது. நம் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் கட்டுரைக்குள் ஃபூக்கோவைப் போடுவதும் இதே உத்திதான். அவர் உள்ளே கிடந்து எதையும் அவிப்பதில்லை. ஆனால் அவரைப் போட்டபின் மூடியைத் திறந்து பார்க்க எவருக்கும் துணிவு வருவதில்லை.

6. ஸ்லோ குக்கர்

சிக்காகோவைச் சேர்ந்த இர்விங் நாக்ஸன் என்பவர் 1940இல் ஒரு மின்பானைக்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனிய யூதர்கள் வெள்ளி பின்னேரம் பேக்கரிப் போறணைக்குள் பானையை வைத்துவிடுவார்களாம். போறணை ஆற ஆற இரவிரவாக அவரைக்கொட்டையும் இறைச்சியும் அவிந்து சனிக்கிழமைக்குத் தயாராகும். தன் வீட்டு மூத்த பெண்கள் சொன்ன அந்தக் கதையே நாக்ஸனுக்கு மூலம். 1971இல் ‘குரொக் பொட்’ என்ற பெயரில் அந்த மின்பானை அமெரிக்கா முழுக்கப் பரவத் தொடங்கியது. ஆக, அங்கும் மூலநூல் ஓர் ஆச்சிதான். வித்தியாசம், அவர்கள் ஆச்சிக்குக் காப்புரிமை எடுத்தார்கள்; நாம் ஆச்சியிடம் வினாக்கொத்து நிரப்பினோம்.

கனடாவிலிருந்து ஒரு மச்சான் அத்தகைய பானையொன்றைப் பெட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. நேரே செருகினால் சூடு மூன்றரை மடங்குக்கு மேல் ஏறும். மெதுவாக அவிப்பதற்கென்றே பிறந்த பொறி தன் வாழ்நாளில் முதன்முறையாக அவசரப்பட்டது. பிறகு மணம் வந்தது, இறைச்சி மணமன்று. சரியான வோல்ற்றில் வாங்கியிருந்தால் மட்டும் என்ன? அதற்கு எட்டு மணித்தியாலம் தொடர்ச்சியாகக் கரண்ட் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸும் இல்லை. கொழும்பில் மாடிவீட்டார் விறகு தேடி அலைந்த அந்த நாட்களில், போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் சமைத்த வன்னிக்காரிகள் வழக்கம்போல் அடுப்பை மூட்டினார்கள்.

7. செய்முறை

இறைச்சியைப் பெரிய துண்டாக வெட்டி, உப்பு, தூள், இஞ்சி, உள்ளி போட்டுப் பிரட்டி ஊறவையுங்கள். மண்சட்டியில் வெங்காயம், கறிவேப்பிலை, ரம்பை வதக்கி இறைச்சியைப் போட்டு மூடுங்கள். தண்ணீர் கொஞ்சம் போதும், இறைச்சியே விடும். ஒரு கொதி வந்ததும் கொள்ளிகளை வெளியே இழுத்துத் தணலில் விடுங்கள். பாலைக் கட்டையாயின் தணல் நெடுநேரம் நிற்கும். கடைசியில் இடித்த கறுவா, ஏலம், கராம்பு, இறக்கியபின் தேசிக்காய்ப்புளி. சிரட்டை, விரும்பினால்.

8. பரிந்துரை

அடுத்த தடவை வினாக்கொத்தோடு வருகிறவர்கள் ஆறு மணி வரைக்கும் இருந்து, சாப்பிட்டுவிட்டுப் போகவும். புட்டும் இருக்கும். வெள்ளிக்கிழமையில் மட்டும் வராதீர்கள். வரும்போது இறைச்சியை நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள்.