ஒன்பதாவது பிறப்பிடம்

எழுத்து எங்கெங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியர் கணக்கெடுத்து வைத்தார். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். ஆக எட்டு. அவர் காலத்தில் தாலுகா ஆபீஸ் இல்லாததால் ஒன்பதாவது இடம் ஒன்று பட்டியலில் ஏறாமல் போய்விட்டது. அது நாற்காலி.

நாற்காலியில் பிறக்கும் குரலைக் கேட்க வேண்டுமென்றால் நம்மவரிடம் வர வேண்டும். துணை தாசில்தார். பெயர் எதற்கு? ஊருக்கு ஒருவர் இருக்கிறார். சில ஊர்களில் அவர் தலைமையாசிரியர், சில ஊர்களில் வங்கி மேலாளர், சில ஊர்களில் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர். ஆள் ஒருவர், குரல்தான் பல.

நம்மவரின் முழு வித்தையும் 'பார்க்கலாம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கும்.

காலையில் ஒரு விவசாயி வருகிறார். துண்டு தோளிலிருந்து இறங்கிக் கக்கத்துக்குப் போய்விட்டது. "அய்யா, பட்டா மாத்தச் சொல்லி மனு கொடுத்து மூணு மாசம் ஆச்சுங்க." நம்மவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், மூக்கிலிருந்து மட்டும் சொல்வார்: "பார்க்கலாம்." அடுத்து கவுன்சிலர் வருகிறார். இப்போது அதே சொல் நெஞ்சிலிருந்து, இரட்டையாக வரும்: "அட, பார்க்கலாம் பார்க்கலாம், முதல்ல உட்காருங்க." பன்னிரண்டு மணிக்குத் தாசில்தார் எட்டிப்பார்த்து, "அந்த ஃபைல் என்னாச்சு?" என்பார். "பார்த்துடலாம் சார்." இது நுனிநாக்கு. முதலாவதற்கு, இனி வராதே என்று பொருள். இரண்டாவதற்கு, நாளைக்கே முடிந்துவிடும் என்று பொருள். மூன்றாவதற்கு, கோப்பு எங்கே இருக்கிறதென்று இனிமேல்தான் தேட வேண்டும் என்று பொருள்.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அலுவலக உதவியாளருக்கு இந்த இலக்கணம் அத்துப்படி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப்பார்க்க மாட்டார். காதைக் கொடுத்தால் போதும். மூக்கு என்றால் டீ இல்லை. நெஞ்சு என்றால் இரண்டு டீ. நுனிநாக்கு என்றால் பீங்கான் கோப்பையைக் கழுவ எழுந்துவிடுவார்.

இதெல்லாம் நேரில். தொலைபேசியில் நம்மவர் வேறொரு பிறவி. மாவட்ட ஆட்சியர் அலுவலக எண் திரையில் தெரிந்தால் எழுந்து நிற்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் இன்னும் விசேஷம். மடித்துக் கட்டியிருக்கும் வேட்டியை முதலில் இறக்கிவிடுவார், பிறகுதான் பச்சைப் பொத்தானைத் தொடுவார். "சரிங்கய்யா. ஆகட்டுங்கய்யா. இப்பவே பண்ணிடறேங்கய்யா." ஆட்சியர் ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இவர் நாலு அய்யா வைத்துவிடுவார்.

"உட்கார்ந்தே பேசுங்களேன், அவருக்குத் தெரியவா போகுது?" என்பார் மனைவி. கைபேசியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவரை ஒரு முறை முறைப்பார். கை எடுத்ததும் மறுபடி அய்யா. இரண்டுக்கும் நடுவே மூச்சுவிடக்கூட இடைவெளி இருக்காது.

மனைவி சொல்வது பாதிதான் சரி. நிற்பவன் குரல் வேறு, சாய்ந்திருப்பவன் குரல் வேறு, சிரித்துக்கொண்டு பேசுபவன் குரல் வேறு. உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் மூச்சு வரும். மூச்சு எப்படியோ அப்படித்தான் சொல். பயத்தில் குரல் நாண்கள் இறுகிக்கொள்ளும், சுருதி தானாக ஏறும். பழைய தொலைபேசிக் கம்பி 300 ஹெர்ட்ஸ் முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒலியைக் கடத்தும். அடித்தொண்டைக் கம்பீரம் முழுசும் வழியிலேயே உதிர்ந்துவிடும். பணிவுக்கு அந்தத் தொல்லை கிடையாது, சேதாரம் இல்லாமல் மறுமுனைக்குப் போய்ச் சேரும்.

நம்மவர் திருக்குறள் படிக்காதவர் அல்லர். 72ஆம் அதிகாரம் 'அவையறிதல்' அவருக்கு மனப்பாடம். எதிரே இருப்பது யார் என்று அறிந்துதான் வாயைத் திறப்பார். அடுத்த அதிகாரம் 'அவையஞ்சாமை'. அதற்குள் பதவி உயர்வு வந்துவிட்டதால் படிப்பு நின்றுவிட்டது.

பிறவியிலேயே அவர் இப்படி என்று சொன்னால் பாவம். இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது சாதாரணக் குரல்தான் வைத்திருந்தார். மனு எழுதத் தெரியாத பாட்டிக்குத் தானே எழுதிக்கொடுத்த ஆள். அப்போதிருந்த மேலதிகாரிக்கு ஒரு செருமல் உண்டு. பேசுவதற்கு முன்னால் தொண்டையை ஒருமுறை கனைப்பார், அறை அடங்கிவிடும். சளியா, சாமர்த்தியமா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போனதும் நாற்காலி, ரப்பர் ஸ்டாம்பு, மேஜைமேல் கண்ணாடி ஆகியவற்றோடு அந்தச் செருமலும் நம்மவர் பொறுப்புக்கு வந்தது. முதலில் விளையாட்டாகச் செருமினார். அறை அடங்கியது. சரி, இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்.

வினை அங்கேதான். செருமிவிட்டு மெதுவாகப் பேசினால் பொருந்தவில்லை. ஆகவே குரலைத் தடிப்பாக்கினார். தடித்த குரலில் நல்ல வார்த்தை ஒட்டவில்லை. ஆகவே கடுமையான வார்த்தைகளைத் தேடினார். வார்த்தைக்குத் தோதாகப் புருவம் நெரிந்தது, புருவத்துக்குத் தோதாகக் கோபம் வந்தது, கோபத்துக்குத் தோதாக ரத்தக் கொதிப்பு வந்தது. இன்றைக்குக் காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. மனசில் இருப்பதுதான் குரலில் வரும் என்று சொல்கிறோம். நம்மவர் விஷயத்தில் குரல் முன்னால் வந்து இடம்பிடித்து, மனசைப் பின்னால் வரவழைத்துக்கொண்டது. இரவல் குரல் என்று நினைத்து வாங்கினார், அது வட்டி போட்டு அவரையே எழுதி வாங்கிவிட்டது.

இதில் ஒரு விசித்திரம், தன் குரல் எப்படி இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. யாருக்குமே சரியாகத் தெரியாது. நாம் பேசுவது நமக்குக் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறது. எலும்பு அடிச்சுருதியைத் தாராளமாகச் சேர்த்துக் கொடுக்கும். அதனால் அவரவர் காதுக்கு அவரவர் கம்பீரம். ஒருநாள் வாட்ஸப்பில் தாம் அனுப்பிய குரல் பதிவைத் தாமே கேட்டுப் பார்த்தார். "யாருடி இவன், கீச்சுக் கீச்சுனு பேசறான்?" என்றார். மனைவி நிதானமாகச் சொன்னார்: "தெரியலைங்க. இருபத்தஞ்சு வருஷமா இங்கதான் இருக்கார்."

மேடை என்றால் நம்மவருக்குக் கடைசியாக ஒரு அவதாரம் உண்டு. தெருப் பொங்கல் விழாவில் மைக்கை வாங்கினால், அதை இரண்டு தட்டுத் தட்டி, ஊதிப் பார்த்து, சட்டென்று 1959ஆம் ஆண்டுக்குப் போய்விடுவார். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வெளிவந்த ஆண்டு. அதன் பிறகு தமிழ்நாட்டில் வசனம் பேசிப் பார்க்காத தொண்டை அபூர்வம். நம்மவர் குரலில் சிவாஜி கர்ஜிப்பார், உதடு துடிக்கும், மார்பு ஏறி இறங்கும். குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை என்ற செய்தியை வெள்ளையனை எதிர்க்கும் சுருதியில் சொல்வார். 1798இல் ராமநாதபுரத்தில் கட்டபொம்மன் எதிரே இருந்தவரும் ஒரு கலெக்டர்தான், ஜாக்சன். அந்த இடத்தில் நம்மவர் இருந்திருந்தால் கிஸ்தி பாக்கியைக் கேட்பதற்கு முன்பே, ரசீதின் இரண்டு நகலோடு நீட்டியிருப்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி இருப்பது நல்லதாயிற்று. 9.55க்கு ஒரு காவலர் தெருமுனையில் வந்து நின்றாலே கர்ஜனை "நன்றி, வணக்கம்" ஆகிவிடும்.

அதே ஆபீசில் ஒரே ஒரு குரல் வைத்திருக்கும் ஒருவரும் உண்டு. பெருக்கித் துடைக்கும் அம்மா. அவருக்கு நாற்காலி கிடையாது, ஆகையால் அதில் பிறக்கும் குரலும் கிடையாது. கடைநிலை ஊழியரிடமும் தாசில்தாரிடமும், "காலைத் தூக்குங்க சார்" என்று ஒரே சுருதியில் சொல்வார். அதில் அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தரை அழுக்காக இருக்கிறது என்ற தகவல் மட்டும் இருக்கும். நம்மவருக்கு அந்தக் குரல் ஆகாது. "மரியாதை தெரியாத பொம்பளை" என்பார். ஆனால் செருமிப் பார்த்தும் பலிக்காததால் அவரும் தினமும் காலைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார்.

பசலி முடிகிற சமயம், ஜமாபந்தி வந்தது. கிராமக் கணக்குகளைப் பார்க்க ஆட்சியரே நேரில் வந்து உட்கார்ந்துவிட்டார். சாமியானா, மனுக்காரர்கள், கணக்குப் புத்தகங்களோடு கிராம நிர்வாக அலுவலர்கள். நம்மவர் நுனிநாக்கைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். யாரோ மேஜையில் மோர் டம்ளரைத் தட்டிவிட, ஆட்சியரின் காலடியில் மோர் ஓடியது. துணியும் வாளியுமாக அந்த அம்மா வந்தார். யாரிடம் பேசுகிறோம் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காலைத் தூக்குங்க சார்."

நம்மவருக்கு மூச்சு நின்றது. ஆட்சியர், "ஓ, சாரிம்மா" என்று மனுவிலிருந்து கண்ணெடுக்காமல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். ஆட்சியர் தூக்கிவிட்டார் என்றால் அது உத்தரவு மாதிரி. உட்கார நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டிருந்த நம்மவர், தரை துடைத்து முடியும்வரை ஒற்றைக்காலில் நின்றார்.