முன்பெருக்கி என்னும் சொல்லின் இருபொருள்: உப்பளக் கரையிலிருந்து ஓர் ஆய்வு

பெருக்குதல் என்னும் வினைக்குத் தமிழில் இரண்டு பொருள் வழங்குகின்றன: சிறியதைப் பெரிதாக்குதல் ஒன்று, துடைப்பம் கொண்டு வாசலைத் துப்புரவு செய்தல் மற்றொன்று. பாடநூல்கள் பெருக்கி என்றும் மிகைப்பி என்றும், கடைத்தெரு ஆம்ப்ளிபயர் என்றும், திருவிழாவில் அதைத் தோளில் சுமந்து வருபவர் மிஷின் என்றும் அழைக்கும் கருவி இவற்றுள் முதற்பொருளுக்கே உரியது என்று இதுவரை எல்லோரும் கொண்டிருக்கின்றனர். வீட்டு இசைக் கருவிகளுள் விலை மிக்கதும், சில வேளைகளில் ஒரு காரின் விலையை எட்டுவதுமான முன்பெருக்கி, அதாவது ப்ரீ-ஆம்ப், எந்தப் பொருளில் பெருக்குகிறது என்னும் வினா மட்டும் இன்னும் முறையாக எழுப்பப்படவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் கடற்கரை ஊரான மரக்காணம். தேர்வுக்குக் காரணங்கள் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுவர். ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனைக் காணச் சென்ற சிறிய யாழ்ப்பாணர் இக்கரை வழியே ஆற்றுப்படுத்தப்பட்டனர். அவர்கள் கையிலிருந்த யாழில் நரம்பின் மெல்லிய அதிர்வைத் தோல் போர்த்த பத்தர் என்னும் உறுப்பு ஏற்று ஓசையாக்கியதே தவிர, அதற்கு மின்சாரமோ தவணைக் கடனோ தேவைப்படவில்லை. மேலும், ஆந்திரக் கடற்கரையில் தொடங்கி 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பக்கிங்காம் கால்வாய் தெற்கே முடிவதும் இப்பகுதியில்தான்; இவ்வளவு நீண்ட பாதையைக் கடந்தும் நீர் நீராகவே வந்துசேர்வது, ஒரு மீட்டர் கம்பியில் இசை கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் வந்து பார்க்கத் தக்க காட்சி.

ஆனால் முதன்மைக் காரணம் உப்பளமே. கடல்நீர் போமே என்னும் அடர்த்தி அளவையில் சுமார் 3 டிகிரி இருக்கும். உப்பு படிகமாக இறங்கத் தொடங்குவது ஏறத்தாழ 25 டிகிரியில். இடைப்பட்ட தொலைவை நீர் வெயிலில் கிடந்தே கடக்க வேண்டும் என்பதால், அதை முதலில் அகலமான தேக்கப் பாத்திகளில் நிறுத்தி, பாத்தி பாத்தியாக நகர்த்தி, டிகிரி பார்த்து, பதம் வந்த பின்னரே விளையும் பாத்திக்குத் திறந்துவிடுகின்றனர். தேக்கப் பாத்தியில் உணவுக்கான உப்பு ஒரு பிடிகூட விளைவதில்லை; எனினும் ஜிப்சம் அங்கேயே அடியில் தங்கிவிடுவதால், கடைசிப் பாத்தியின் வெண்மை முந்தைய பாத்திகளிலேயே முடிவாகிறது. மூல ஒலிக்கும் ஆற்றல் பெருக்கிக்கும் (பவர் ஆம்ப்) இடையே நிற்கும் முன்பெருக்கியும் இத்தகையதே. அது ஸ்பீக்கரை நேரே அசைப்பதில்லை. ஆனால் அது விடும் கசடு அடுத்த நிலையில் இருபது மடங்காகிக் காதுக்கு வரும்.

இசைத்தட்டுக் காலத்தில் இந்த ஒப்புமை எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. தட்டின் வரிப்பள்ளத்தில் ஓடும் ஊசி, காந்தம் அசையும் வகையாயின் சுமார் 5 மில்லிவோல்ட், சுருள் அசையும் வகையாயின் 1 மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகவே மின்னழுத்தம் தரும். அதுவும் தாழ்சுரம் குறைத்து, உச்சசுரம் கூட்டிப் பதிக்கப்பட்டது. அதைத் திருப்பிச் சமன்செய்யும் வளைகோடு 1954இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்டது. ஆகவே அன்றைய முன்பெருக்கி நூற்றுக்கணக்கான மடங்கு உண்மையாகவே பெருக்கியது. அதன் சொற்பொருளில் ஐயத்துக்கு இடமில்லை.

1982இல் குறுந்தகடு சந்தைக்கு வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. குறுந்தகட்டுக் கருவி முழு ஒலியில் தருவது 2 வோல்ட். ஆற்றல் பெருக்கியோ தனக்கு வருவதை ஏறத்தாழ 20 மடங்காக்கும். ஆகவே 2 வோல்ட் நேரே நுழைந்தால் 40 வோல்ட் வெளிவரும், அது 8 ஓம் ஸ்பீக்கரில் 200 வாட். கூடத்தில் அமர்ந்து சஞ்சய் சுப்ரமணியனின் கச்சேரியைக் கேட்க 1 வாட் தாராளம். அதற்கு உள்ளே வர வேண்டியது 0.14 வோல்ட் மட்டுமே. எனவே இன்றைய முன்பெருக்கி வந்ததைப் பதினான்கில் ஒரு பங்காகக் குறைத்து அனுப்புகிறது. இந்தியக் குடும்பத் தலைவர் ஒருவர் பல லட்சம் கொடுத்து வாங்குவது பெருக்கத்தை அன்று, அடக்கத்தை. தூத்துக்குடியில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கடலைவிட அடர்ந்த உவர்நீர் கிடைக்கும் அளங்களில் தேக்கப் பாத்தியின் வேலை குறைந்துவிடுவது போன்றது இது. வேறுபாடு, அங்கே பாத்தியின் பரப்பு குறைகிறது, இங்கே விலை ஏறுகிறது.

அற்றேல், வால்யூம் திருகை மட்டும் நடுவில் வைத்து முன்பெருக்கியை விலக்கிவிடலாமே எனின், அப்படிச் செய்யும் ஒரு மரபினரும் உளர். அவர்கள் வாதம் பாதி சரி. வெறும் திருகு நீரைத் தடுக்கும் மதகு. தள்ளிவிடும் வலு அதற்கில்லை. 50 கிலோ ஓம் திருகைப் பாதித் தடையில் நிறுத்தி, அதன்பின் 10 மீட்டர் கம்பியை இழுத்தால், கம்பியின் மின்தேக்கம் காரணமாக 13,000 ஹெர்ட்ஸ் அருகிலேயே ஆற்றல் பாதியாகிவிடும். தாளத்தின் கிண்கிணி மங்கும். கம்பி ஒரு மீட்டராயின் ஒரு குறையும் இல்லை. தமிழ்நாட்டு வீடுகளில் பெருக்கியும் பாட்டுக் கருவியும் ஒரே அலமாரியில் இருப்பதைக் கருதும்போது, முன்பெருக்கியை விலக்குவோர் தரப்பே வெல்லும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆற்றல் பெருக்கிகளின் வகை வேறுபாட்டைச் சுருக்கமாகக் கூறினால் போதும். 300பி என்னும் வால்வு ஒன்று தருவது 8 வாட் அளவு, வெளிச்சமும் அழகு. ஏ வகுப்புப் பெருக்கி பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மின்சாரத்தைக் குடித்துச் சூடாகிக்கொண்டே இருப்பதால், மே மாத மரக்காணத்தில் அதை வைத்திருப்பவர் இசை கேட்பதைவிட வியர்ப்பதே மிகுதி. ஐப்பசி மழையில் பாத்திகள் ஓய்ந்திருக்கும் காலத்தில் உவர்நீரை வற்றவைக்க அது பயன்படுமா என்பது தனி ஆய்வுக்குரியது. டி வகுப்பு அதிகம் சூடாவதில்லை, ஆகவே மதிக்கப்படுவதுமில்லை. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1978இல் தன் பழைய வால்வுப் பெருக்கியையும் பின்வந்த டிரான்சிஸ்டர் பெருக்கிகள் இரண்டையும் எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்கவைத்தபோது, கேட்டவர்களால் நம்பத்தக்க அளவில் பிரித்தறிய இயலவில்லை.

காது பிரித்தறியாததைக் கடற்காற்று பிரித்தறியும். காற்று நுழைந்த இடமெல்லாம் உப்பு நுழையும் இக்கரையில், கருவியின் பின்புறச் செருகியைப் பிடுங்கிப் பார்த்தால், நடு ஊசியின் அடியில் மயிற்பச்சைக் களிம்பு வளையமாகக் கட்டியிருக்கும். திருகைத் திருப்பினால் பாட்டுக்கு முன் கரகரப்பு எழும். பழுது பார்ப்பவர் மூடியைத் திறந்து கிளீனர் பீய்ச்சி, திருகை இருபது முறை முன்னும் பின்னும் சுழற்றி, அடுத்த மாதம் திரும்ப வருமாறு வாடிக்கையாளரை வழியனுப்புவார். தங்க முலாம் பூசிய செருகி பிற ஊர்களில் பகட்டு, இங்கே தேவை. செருகிகளும் தேர்வுவிசைகளும் திருகும் ஆகத் தொடுமுனைகள் மிகுதியும் குவிந்திருக்கும் கருவி முன்பெருக்கியே ஆதலின், நெய்தல் நிலத்தில் முதலில் நோய்வாய்ப்படுவதும் அதுவே.

இதனால் பெறப்படுவது, வீட்டுக் கூடத்து முன்பெருக்கி இரண்டாம் பொருளிலேயே பெருக்கி என்பது. வாசலைச் சுத்தமாக வைத்து, வருபவரை மெதுவாக உள்ளே விடுவது அதன் தொழில். முதற்பொருளில் இன்றும் பெருக்குவது ஒன்று உண்டு. மைக்கில் பேசுபவரின் குரல் சில மில்லிவோல்ட்டாகவே வருகிறது. அதை எடுத்து நூற்றுக்கணக்கான மடங்கு உயர்த்தி, புளியமரத்தில் கட்டிய குழாய் வரை கொண்டுசேர்க்கும் முன்பெருக்கி, மைக் செட்காரரின் மிஷினுக்குள், எக்கோ திருகுக்குப் பக்கத்தில், தனிப் பெயரும் தனி விலையும் இல்லாமல் இருக்கிறது.