அந்துருண்டை மணக்கும் அறம்

திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடி மலைக்கு ஸ்வெட்டர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். மூக்கிலிருந்து அந்துருண்டை வாசனை இன்னும் போகவில்லை, கோபமும்தான்.

அக்கா மகளின் கல்லூரிப் பிள்ளைகள் மலைப்பள்ளிக்குக் கம்பளித் துணி கொடுக்கப் போனார்கள். துணைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டுமாம். எங்கள் வீட்டில் சும்மா இருக்கிற பெரியவர் நான்தான். இந்தப் பயணத்தைப் பற்றி முக்கியமான விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன் ஸ்வெட்டர்.

திருவனந்தபுரத்தில் ஸ்வெட்டர் ஏது என்று கேட்காதீர்கள். உங்கள் பீரோவிலும் ஒன்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போக வாங்கியிருப்பீர்கள். அல்லது காசிக்குப் போன அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்து, அவர் ‘அரிக்குது’ என்று போடாமலே திரும்பக் கொண்டுவந்திருப்பார். இல்லையென்றால் டில்லியிலிருந்து மாற்றலாகி வந்த சித்தப்பா குடும்பத்துக்கே பங்கு பிரித்துக் கொடுத்திருப்பார். வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து அது உடுப்பல்ல, சொத்து. வருஷம் ஒருமுறை வெயில் காட்டி, உருண்டை மாற்றி, மறுபடி பட்டுப்புடவைக்கு அடியில் வைப்போம். தம்பி கேட்டால்கூடக் கொடுக்க மனம் வராது. கொடுக்க மனம் வருகிற நாளில் அது யாருக்கும் உதவாது. உருண்டைக்குப் பயப்படாத பூச்சி ஒன்று சரியாக நெஞ்சுப் பக்கம் பார்த்துத் தின்றிருக்கும். அப்படித் தானமாக வந்த பெட்டிகளில் ஒற்றைக் கையுறை இருந்தது. பித்தான்களை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு தானம் செய்த புண்ணியவதி யாரென்று தெரியவில்லை. முகத்து ஓட்டை பெரிதாகிப் போய், மாலையாக மட்டுமே போடக்கூடிய மங்கி குல்லா ஒன்று. ஒரு சஃபாரி சூட். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, சஃபாரி சூட்!

கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்திருப்பது, காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில். அதன் முழக்கம் ‘எனக்கல்ல, உனக்கு’. அந்தப் பிள்ளைகளைவிட, பெட்டியில் துணி போட்ட வீட்டுக்காரர்கள்தான் அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தெருவோரம் பழந்துணி குவிந்து கிடந்தது நினைவிருக்கிறதா? வீடு போனவர்கள்கூட அதைத் தொடவில்லை. அப்போதாவது நமக்கு உறைத்திருக்க வேண்டும்.

சரி, பொன்முடி. கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். நான்கைந்து வளைவு ஏறுவதற்குள் பிள்ளைகள் ஜெர்கின் மாட்டிக்கொண்டார்கள், செல்ஃபிக்கு அதுதானே எடுப்பு. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரிகூட இல்லை, உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. கீழே 32 என்றால் மேலே 25. ஏ.சி. போட்ட வங்கியில் இதைவிடக் குளிரும். மூணாறு என்றாலாவது ஜனவரியில் பூஜ்யத்தைத் தொடுகிற நாள் உண்டு.

தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகள், அரைக்கைச் சட்டையோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தமிழ் பேசுகிற பையன் ஒருவனைக் கூப்பிட்டு, “குளிருதாடா?” என்றேன்.

“இல்ல மாமா. உங்களுக்குக் குளிருதா?”

என் தலையில் மங்கி குல்லா. காதுக்குள் காற்று போகக் கூடாது என்பது எங்கள் பரம்பரை வைத்தியம், அதில் விவாதம் கிடையாது.

“தணுப்பு ஒண்ணும் பிரச்சினையில்ல சாரே, மழைதான்,” என்றார் டீச்சர். ஜூனில் ஒரு மழை, துலா மாதத்தில் இடியோடு இன்னொன்று. 2022இல் மழைக்குச் சாலையே இடிந்து மலையை மூடிவைத்தார்கள். குடை, மழைக்கோட்டு, நனையாத புத்தகப்பை, காலில் ஏறும் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு மாணவி குறித்துக்கொண்டாள். மற்றவர்கள் பேனர் கட்டக் கயிறு தேடிக்கொண்டிருந்தார்கள். ஸ்வெட்டர் கொடுத்ததைவிடப் படம் எடுத்ததற்கு அதிக நேரம் ஆனது. ஒரு சிறுமி மட்டும் நான்கு தடவை அதே ஸ்வெட்டரை வாங்கினாள். அவள் கண் மூடாத படம் அப்புறம்தான் கிடைத்தது.

அந்த முக்கியமான விஷயத்தை இறங்கும்போது வண்டியில் சொல்ல ஆரம்பித்தேன். பாட்டுப் போட்டுவிட்டார்கள். பாட்டு முடிந்த இடைவெளியில் தலைவன் பையன் எழுந்து அடுத்த திட்டத்தை அறிவித்தான்: கம்பளிப் போர்வை வழங்கல்.

“எங்கேப்பா?”

“பாலக்காடு, அங்கிள். ஏப்ரல்ல லீவு விட்டதும்.”