மண்குவளையில் டீ, பந்தில் விக்கெட்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக்காரர்களுக்குத் தோலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற அதே ஆசாமி, அது ஷூவாகிக் கண்ணாடி அலமாரி ஏறியதும் முகர்ந்து பார்த்து "ஒரிஜினல் லெதர்!" என்று சொக்கிப்போவார். கிரிக்கெட் பந்துக்கும் அதே ராசிதான். மேலே போர்த்தியிருப்பது மாட்டுத்தோல் என்பது நினைவுக்கே வராது. இந்த மறதியை வைத்துத்தான் வெள்ளைக்காரர் ஆட்சிக்காலத்துச் சுழற்பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு ஆட்டம் காட்டினார்.

பாலு தார்வாடில் பிறந்தவர். தோல் வேலை செய்யட்டும் என்று ஊர் ஒதுக்கி வைத்த சமார் சாதி. புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு வேலை: பிட்ச் உருட்டுவது, வலை கட்டுவது, நேரம் இருந்தால் துரைமார்களுக்குப் பந்து போடுவது. அவர்களில் கிரெய்க் என்ற துரை மணிக்கணக்கில் இவருடைய இடதுகைச் சுழலில் பழகினார். தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை. கணக்குப் போட்டால், மாதம் எட்டு முறை கவிழ்த்தால் சம்பளம் இரட்டிப்பு! மட்டையை மட்டும் பாலு கையில் கொடுக்கவில்லை. பந்து போடுவது கூலி வேலை, அடிப்பது பெரிய மனுஷன் வேலை.

வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில் புனே இந்துக்கள் பாலுவை அணியில் சேர்த்தார்கள். ஆசாரத்துக்கும் பங்கம் வரக்கூடாதே! அதனால் மைதானத்தில் அவர் கை வியர்வை ஊறிய பந்தை எல்லோரும் பிடிக்கலாம். டீ இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, மண்குவளையில். சாப்பாடு தனிப் பந்தி. தீட்டுக்கும் இடைவேளை நேரம் தெரிந்திருந்தது.

1906இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியது. பாலுவோடு தம்பி சிவராமும் இந்து அணியில் இருந்தார். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்துப் பயணம். கேப்டன் பாட்டியாலா மகாராஜா, வயது 19. அவர் விருந்துகளைக் கவனித்துக்கொள்ள, விக்கெட்டுகளைப் பாலு கவனித்துக்கொண்டார்: மொத்தம் 114. அந்த ஊரிலும் காசு வாங்கி ஆடுகிற தொழில்முறைக்காரர் ஒரு வாசல் வழியாகவும், காசு வாங்காத கனவான் வேறு வாசல் வழியாகவும்தான் மைதானத்துக்குள் வருவார்கள். அந்தப் பாகுபாடு 1962 வரை நீடித்தது. ஆக, தனிப் பந்தி போடுவதில் நமக்கு ஏகபோக உரிமை கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் இந்து அணியின் தலைமை பாலுவுக்குக் கிடைக்கவில்லை. 1913இல் கேப்டனாக இருந்த எம்.டி. பையே, இந்தப் பதவி பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று பாராட்டு விழாவிலேயே போட்டு உடைத்தார். தேர்வாளர்களுக்குக் காது மந்தம். 1920இல் தம்பிகள் ஆடமாட்டோம் என்று முறுக்கிக்கொண்ட பிறகு, போனால் போகிறதென்று பாலுவைத் துணைக் கேப்டனாக்கினார்கள். 1923இல்தான் தம்பி விட்டல் கேப்டனானார்.

அரசியல் அத்தனை கஞ்சத்தனம் காட்டவில்லை. 1932இல் புனா ஒப்பந்தத்துக்காக அம்பேத்கரிடம் பேசப் போனவர்களில் பாலுவும் நம் சென்னை எம்.சி. ராஜாவும் உண்டு. 1937இல் பம்பாய் சட்டசபைத் தேர்தலில் அம்பேத்கரையே எதிர்த்துக் காங்கிரஸ் பாலுவை நிறுத்தியது. அம்பேத்கர் 13,245, பாலு 11,225. வாக்காளர்கள் முடிவு செய்ததால் இருவரில் ஒருவராவது ஜெயித்தார். இந்து அணியின் தேர்வுக்குழுவிடம் விட்டிருந்தால் இரண்டு பேரையும் துணைக் கேப்டனாக்கிவிட்டு மூன்றாவதாக ஒருவரைத் தேடிப் போயிருக்கும்.